கப்பலேறிய கொடிவழிகள் – 9: எழுதப்படாமல் கரையிறங்கியவர்கள்

1834-ல் பிலடெல்பியாவில் ஒரு புத்தகம் வெளிவந்தது. டென்னசியின் கரடி வேட்டைக்காரராகப் பேரெடுத்து, பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகவும் ஆகிவிட்ட டேவிட் கிராக்கெட் தன் கதையைத் தானே சொன்ன புத்தகம் அது. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய வாழ்க்கையென்று வேறொருவர் எழுதிய நூல் சக்கைப்போடு போட்டிருந்தது. அதிலிருந்த சரடுகளைத் திருத்த வேண்டும் என்ற ரோஷத்தில், கென்டக்கிக்காரரான தாமஸ் சில்ட்டன் என்ற சக உறுப்பினரின் உதவியோடு கிராக்கெட் உட்கார்ந்து எழுதினார். உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் பேனாவை எடுத்தார். ஆனால் தகப்பனார் பிறந்த ஊரைச் சொல்ல வேண்டிய இடத்திலேயே அவருக்குத் தட்டிவிடுகிறது. ஜான் கிராக்கெட் ஐரிஷ் வழி வந்தவர். பிறந்தது ஒன்று அயர்லாந்தில், இல்லாவிட்டால் அங்கிருந்து வரும் வழியில் கப்பலில். இரண்டில் எது என்று மகனுக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் அதே பக்கங்களில் இருக்கிறது. கடலைக் கடந்த கதையைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் தாத்தாவும் பாட்டியும். தாத்தா பெயரும் டேவிட்தான். இன்றைய டென்னசியின் கிழக்கு மூலையில், ராஜர்ஸ்வில் ஊர் இருக்கும் இடத்துக்கு அருகே அவர்கள் வீடு. 1777-ல் பூர்வகுடிகள் அந்த வீட்டைத் தாக்கியபோது இருவரும் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்கள் கிரீக்குகள் என்கிறார் பேரன்; டிராகிங் கேனூ என்ற தலைவரைப் பின்பற்றிய செரோக்கிகளும் அதில் இருந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஜோசப் என்ற சித்தப்பாவுக்குக் கை முறிந்தது. காது கேளாத, வாய் பேசாத ஜேம்ஸ் என்ற இன்னொரு சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 17 ஆண்டும் 9 மாதமும் கழித்து ஜானும் மூத்த அண்ணன் வில்லியமும் அவரை அடையாளம் கண்டு, ஒரு வியாபாரியிடம் பணம் கொடுத்து மீட்டார்கள். பேரன் டேவி பிறந்ததே 1786-ல்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அதற்கு 9 ஆண்டுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

சொல்ல ஆள் இல்லையென்றால் தாள் இருக்க வேண்டுமே? கப்பல் பட்டியல் இருக்காதா? இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். சென்ற இதழில் ரைன் நதிக்கரையிலிருந்து பிலடெல்பியாவுக்கு வந்த ஜெர்மானியர்களைப் பார்த்தோம். 1727 முதல் ஒவ்வொரு கப்பலின் தலைவனும் ஆள் பட்டியல் கொடுக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரும் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டும் என்று பென்சில்வேனியா நிர்வாகம் விதித்தது. அந்தக் காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. தன் முப்பாட்டன் எந்தக் கப்பலில், எந்த மாதத்தில் இறங்கினான், கையெழுத்துப் போட்டானா கீறல் போட்டானா என்பது வரைக்கும் இன்றைய ஜெர்மானிய வம்சத்தவர் ஒருவரால் பார்த்துவிட முடியும்.

அதே துறைமுகம், அதே காலம். டெர்ரியிலிருந்தும் நியூரியிலிருந்தும் பெல்ஃபாஸ்ட்டிலிருந்தும் கப்பல் கப்பலாக ஐரிஷ்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பட்டியல் இல்லை, பிரமாணமும் இல்லை. ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே மன்னரின் குடிகள். ஒரே அரசின் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போகிறவனைப் பிடித்து வைத்து நீ யார் என்று கேட்க எவருக்கும் தேவையிருக்கவில்லை. அந்நியன் என்பதால் ஜெர்மானியனை எழுதினார்கள். உள்ளாள் என்பதால் ஐரிஷ்காரனை விட்டுவிட்டார்கள். குடியேற்றக் கால அமெரிக்காவில் ஐரிஷ் பூர்வீகம் தேடுகிறவர்கள் படும் பாட்டில் பாதி இந்த ஒரே சட்ட நிலையிலிருந்து கிளம்புகிறது.

ஒரு வாய்ப்பு வந்தது, அதுவும் கைநழுவியது. 1770-களின் தொடக்கத்தில் ஆட்கள் இப்படிக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினால் நிலத்தை உழ யார் இருப்பார்கள் என்று லண்டனில் கவலை எழுந்தது. புறப்படுகிறவர்களின் பெயர், வயது, தொழில், போகும் காரணம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பும்படி கருவூலம் சுங்க அதிகாரிகளுக்கு ஆணையிட்டது. 1773 முதல் 1776 வரையிலான அந்தப் பதிவேடு வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும் புதையல். ஆனால் ஆணை போனது இங்கிலாந்து, ஸ்காட்லாந்துத் துறைமுகங்களுக்கு மட்டும். அயர்லாந்து அதில் சேர்க்கப்படவில்லை. அமெரிக்காவே பயணிகள் பட்டியலைக் கட்டாயமாக்கியது 1819-ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதற்குள் நாம் பேசும் தலைமுறைகளுக்குப் பேரன், கொள்ளுப்பேரன் எடுத்தாகிவிட்டது.

எத்தனை பேர் வந்தார்கள்? சுதந்திரப் போருக்கு முன் அல்ஸ்டர் மாகாணத்திலிருந்து மட்டும் 1 லட்சம் என்கிறவர்களும் உண்டு, இரண்டரை லட்சம் வரை போகிறவர்களும் உண்டு. ஆளுக்கொரு கணக்கு, எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. ஏன் வந்தார்கள் என்பது மட்டும் ஓரளவு தெளிவு. குத்தகைக் காலம் முடிந்ததும் நிலவுடைமையாளர்கள் வாரத்தை ஏற்றினார்கள். 1740–41-ல் வந்த கொடும் உறைபனியும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் தீவையே உலுக்கின. 1770-களில் லினன் வியாபாரம் படுத்தது. பிரஸ்பிட்டேரியன்களுக்கு இன்னொரு மனக்குறை: 1704-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பதவிக்கு வர வேண்டுமென்றால் ஆங்கிலிக்க முறையில் நற்கருணை வாங்கியிருக்க வேண்டும். கத்தோலிக்கர்களின் நிலை இதைவிட மோசம்; அவர்களால் 31 ஆண்டுக்கு மேல் குத்தகைகூட எடுக்க முடியாது.

அவர்களை ஏற்றிவந்த கப்பல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெல்லிய லினன் வேண்டுமென்றால் ஆளிச்செடியை விதை முற்றும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். அப்படிப் பிடுங்கினால் அடுத்த ஆண்டு விதைப்புக்கு விதை இருக்காது. அதனால் அயர்லாந்து ஆளி விதையை அமெரிக்காவிலிருந்து வாங்கியது. பிலடெல்பியாவிலிருந்து விதை மூட்டையோடு அல்ஸ்டருக்கு வந்த கப்பல், திரும்பும்போது காலியாகப் போவானேன்? மனிதர்களை ஏற்றிக்கொண்டது. கப்பல்காரரின் பேரேட்டில் விதைக்கு எடை உண்டு, விலை உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு. 1737-ல் தொடங்கிய பெல்ஃபாஸ்ட் நியூஸ்லெட்டர் பத்திரிகையில் கப்பல் புறப்படும் நாளும் தலைவன் பெயரும் முகவர் பெயரும் விளம்பரமாக வரும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பயணிகள் தலைவனுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதமும் எப்போதாவது அச்சாகும். அதன் கீழே சில பெயர்கள் இருக்கும். அந்தச் சிலரின் சந்ததி அதிர்ஷ்டசாலிகள்.

அப்படியென்றால் ஐரிஷ்காரர்களின் பெயர்கள் எழுதப்பட்ட இடமே இல்லையா என்றால், உண்டு. பணமோ நிலமோ கைமாறும் இடத்தில் பெயர் எழுதப்படும். இது நான் கண்டுபிடித்த விதியல்ல. ஆவணக் காப்பகங்களில் வேலை செய்கிற எவரும் சொல்வார்கள். ஆனால் ஐரிஷ்காரர்கள் விஷயத்தில் இந்த விதி கிட்டத்தட்ட விதிவிலக்கே இல்லாமல் வேலை செய்கிறது.

வர்ஜீனியாவில் தன் செலவில் ஒரு தலையைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு 50 ஏக்கர் நிலவுரிமை உண்டு. 1740-ல் ஆரஞ்ச் கவுண்டி நீதிமன்றத்தில் ஐரிஷ் குடும்பத் தலைவர்கள் வரிசையாக வந்து சத்தியம் செய்தார்கள்: நானும் என் மனைவியும் இன்னின்ன பிள்ளைகளும் அயர்லாந்திலிருந்து பிலடெல்பியா வந்து, அங்கிருந்து இந்தக் காலனிக்குச் சொந்தச் செலவில் வந்தோம் என்று. அலெக்சாண்டர் பிரெக்கின்ரிட்ஜ் என்பவரும் அவர்களில் ஒருவர். அவருடைய வம்சத்தில்தான் பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியான ஜான் பிரெக்கின்ரிட்ஜ் வந்தார். பிள்ளைகளின் பெயர் உட்பட அந்தக் குடும்பத்தின் பயணவழி நமக்குத் தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் குடும்பப் பெருமையல்ல, தலைக்கு 50 ஏக்கர்.

தென் கரோலினாவில் 1761-ல் ஒரு சட்டம் வந்தது. கறுப்பின அடிமைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதென்று பயந்த தோட்ட முதலாளிகள், வெள்ளைக் குடியானவர்களை எல்லைப்புறத்தில் கொண்டுவந்து வைக்க விரும்பினார்கள். வருகிற ஏழைப் புராட்டஸ்டன்ட் ஒவ்வொருவருக்கும் 4 பவுன் பயணச் செலவை அரசே கொடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் பாதி. கொடுத்த காசுக்குக் கணக்கு வேண்டாமா? ஆளுநர் அவையின் நடவடிக்கைக் குறிப்புகளில் பெயர், வயதோடு பட்டியல் பட்டியலாக ஐரிஷ்காரர்கள் கிடைக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தப் பட்டியலில் உள்ள எல்லோருமே ஏழைகள், எல்லோருமே புராட்டஸ்டன்ட்கள். வேறு விதமாக இருந்தால் காசு கிடைக்காது. அதை வைத்து ஒருவரின் மதத்தை அடித்துச் சொல்கிற வம்சாவளிக்காரர்களை நான் நம்புவதில்லை.

பயணச் செலவுக்கு வழியில்லாதவர்கள் நான்கு முதல் ஏழு ஆண்டு உழைப்பை அடகுவைத்துக் கப்பலேறினார்கள். துறைமுகத்தில் தலைவன் அந்த ஒப்பந்தத்தை விற்பான். வாங்கியவனிடம் காலம் முடியும்வரை வேலை செய்ய வேண்டும். பிலடெல்பியாவில் இந்த ஒப்பந்தங்களைப் பதிந்த ஏடுகளில் 1745–46-க்கும் 1771–73-க்கும் உரியவை மிஞ்சியிருக்கின்றன. மற்ற ஆண்டுகளில் இந்தக் கூலியாட்கள் நம் கண்ணில் படுவது ஓடிப்போனால்தான். பெஞ்சமின் பிராங்ளின் நடத்திய பென்சில்வேனியா கெஜட்டில் எஜமானர்கள் கொடுத்த விளம்பரங்களைப் புரட்டினால், பெயர், வயது, உயரம், முகத்தில் அம்மைத் தழும்பு, பேச்சில் ஐரிஷ் இழுவை, போட்டிருந்த சட்டையின் நிறம், பிடித்துக் கொடுத்தால் வெகுமதி எவ்வளவு என்று அத்தனையும் இருக்கும். ஒழுங்காக ஏழு ஆண்டு உழைத்து விடுதலையானவனைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஓடியவனுக்கோ ஒரு சித்திரமே இருக்கிறது. தன் முன்னோர் ஒரு தப்பியோடிய கூலி என்று தெரியவந்ததும் வம்சாவளி ஆர்வலர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். குதித்துக் கூத்தாட வேண்டிய விஷயம் அது.

பணமும் கைமாறாமல், பட்டாவும் வாங்காமல் இருந்தவர்கள்? அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பென்சில்வேனியாவில் பென் குடும்பத்தின் காரியதரிசி ஜேம்ஸ் லோகன். அவரே அயர்லாந்தின் லர்கன் ஊர்க்காரர், குவேக்கர். எல்லைப்புறத்துக்கு அரணாக இருக்கட்டும் என்று முதலில் அல்ஸ்டர்காரர்களை வரவேற்றவரும் அவர்தான். 1720-களின் இறுதியில் தலையில் கைவைத்துக்கொண்டார். வருகிறவர்கள் கேட்டுக்கேள்வி இல்லாமல் காலி நிலத்தில் குடிசை போடுகிறார்கள். கேட்டால் இத்தனை கிறிஸ்தவர்கள் உழைக்கக் காத்திருக்கும்போது நிலம் சும்மா கிடப்பது தெய்வத்துக்கே அடுக்காது என்கிறார்கள். அயர்லாந்து முழுதும் இங்கே வந்துவிடும் போலிருக்கிறது என்று அவர் கடிதங்களில் புலம்பல். அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை, அங்கே வேறு மக்கள் வேட்டையாடி வாழ்ந்தார்கள் என்பது இரு தரப்பாருக்கும் உறைக்கவில்லை. நமக்கு இங்கே முக்கியம், அப்படிக் குடிசை போட்டவர்கள் பத்து ஆண்டு இருந்து, மண் களைத்ததும் தெற்கே ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்கும் கரோலினாக்களுக்கும் நகர்ந்தார்கள் என்பது. பட்டா இல்லை, விற்பனைப் பத்திரம் இல்லை, உயில் இல்லை. ஒரு தலைமுறை முழுக்க நடந்து கடந்து போயிருக்கும், தடம் இருக்காது.

கிராக்கெட்டின் தகப்பனார் விஷயத்திலும் இதே கதைதான். ஜான் எங்கே பிறந்தார் என்பதற்குத் தாள் இல்லை. கிரீன் கவுண்டியில் கான்ஸ்டபிளாக இருந்ததற்கு உண்டு. பங்காளியோடு சேர்ந்து ஆலை கட்டினார். வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1795-ல் அவருடைய 300 ஏக்கர் நிலத்தை ஷெரீஃப் ஜப்தி செய்து 40 டாலருக்கு விற்றதற்கும் பதிவு உண்டு. சாலையோரச் சத்திரம் நடத்தியபோது பட்ட கடனை அடைக்க மகன் டேவி ஆறு மாதம் ஒருவரிடமும், இன்னோர் ஆறு மாதம் ஒரு குவேக்கரிடமும் வேலை செய்து 36 டாலர், 40 டாலர் கைச்சீட்டுகளை மீட்டு வந்ததை அவரே எழுதியிருக்கிறார். வாழ்க்கையில் சறுக்கிய இடமெல்லாம் ஜான் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறார்.

இனி அயர்லாந்துப் பக்கம் போவோம். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் 1922-ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் வெடித்துச் சிதறியது. அதனுள் இருந்த பொது ஆவணக் காப்பகத்தோடு ஏழு நூற்றாண்டுக் காகிதங்கள் எரிந்துபோயின. உயில்கள், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ ஆயிரம் ஆங்கிலிக்கப் பங்குகளின் பதிவேடுகள், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகள் எல்லாம் போயின. கருகிய தாள்கள் காற்றில் பறந்து கடலோர ஹோத் குன்றுவரை விழுந்தன. பெரும் நாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் நாம் தேடுகிற ஆட்களைப் பொறுத்தவரை அந்த நெருப்பின் மீது கொஞ்சம் கூடுதலாகவே பழி போடுகிறோம். அமெரிக்கா போனவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டேரியன்கள். அவர்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தந்தச் சபையிடம் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு எழுதிவைத்த சபைகளே சொற்பம். கத்தோலிக்கப் பாதிரியார்களோ தண்டனைச் சட்டங்களின் நிழலில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். எரிந்துபோன அலமாரியில் ஜான் கிராக்கெட்டின் பெயர் இருந்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. 1861, 1871 கணக்கேடுகளை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகளை முதல் உலகப்போர்க் காலத்தில் கூழாக்கினார்கள். நெருப்பு வைக்காமலேயே இவ்வளவு செய்ய முடியும்.

மிஞ்சியவற்றில் பயனுள்ளவை மறுபடியும் காசு சம்பந்தப்பட்டவைதான். டப்ளினில் 1708-ல் தொடங்கிய பத்திரப் பதிவகம் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பியது. ஸ்ட்ரபேனைச் சுற்றிய அபர்கார்ன் பண்ணை போன்ற பெரும் எஸ்டேட்டுகளின் வாரக் கணக்குகளும், எந்தக் குத்தகைதாரர் அமெரிக்கா கிளம்பிவிட்டார் என்று முகவர்கள் பிரபுவுக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. 1796-ல் லினன் வாரியம் ஆளி பயிரிட்டவர்களுக்கு ஊக்கப் பரிசு கொடுத்தது: ஒரு ஏக்கருக்கு நான்கு நூற்கும் ராட்டினம், கால் ஏக்கருக்கு ஒன்று. ராட்டினம் வாங்கியவர்களின் பட்டியலில் ஏறத்தாழ 60,000 பெயர்கள். கப்பலேறியவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களின் பங்காளிகள் இருப்பார்கள். அபூர்வமான ஒரு குடும்பப் பெயர் எந்தப் பங்கில் கொத்தாக நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி நூல் பிடிக்கலாம்.

பெயர் அபூர்வமாக இல்லாவிட்டால்தான் தலைவலி. அல்ஸ்டர் குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர் என்ற வழக்கம் பரவலாக இருந்தது. நம்மூரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற அதே கணக்கு. நான்கு அண்ணன் தம்பிகள் ஒரே பள்ளத்தாக்கில் குடியேறினால் இருபது ஆண்டில் அங்கே ஒரே வயதில் நான்கு ஜான்கள் திரிவார்கள். வரிப் பட்டியலில் எந்த ஜான் நம் ஜான்? வழக்கம் என்பது சட்டமல்ல. செத்துப்போன குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பதும், மாமனாரோடு சண்டையென்றால் அவர் பெயரை விட்டுவிடுவதும் எல்லா ஊரிலும் உண்டு.

இந்தத் திகைப்பில்தான் கட்டுக்கதைகளுக்குச் சந்தை திறக்கிறது. கிராக்கெட்டுகளுக்கும் ஒன்று கிடைத்தது. 1928-ல் டென்னசியில் அச்சான ஒரு வம்சாவளி நூல், அந்தக் குடும்பம் ஐரிஷே அல்ல, பிரெஞ்சு என்றது. பதினான்காம் லூயியின் மெய்க்காவல் படையில் இருந்த அந்துவான் தெ குரோக்கெதான் என்ற அழகிய குதிரை வீரர், புராட்டஸ்டன்ட் ஆனதால் நாட்டை விட்டு வெளியேறி, அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடாப் பக்கம் வந்து, ஃபோன்டேன், மோரி என்ற பிரெஞ்சு வணிகக் குடும்பங்களுக்கு முகவராக இருந்து, பெயரைக் கிராக்கெட் என்று மாற்றிக்கொண்டாராம். இந்தக் கதைக்குச் சமகால ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை. ஆனால் ஃபோன்டேன் குடும்பம் நிஜம். ஜாக் ஃபோன்டேன் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் போதகர் அதே கடற்கரையில் மீன்பிடித் தொழில் நடத்தி, கடற்கொள்ளையரோடு மோதியதெல்லாம் நடந்தது. அந்தக் குடும்பத்தின் நினைவுக்குறிப்புகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் கிடைத்தன. சான்றுள்ள ஒரு குடும்பத்தின் நிழலில் சான்றில்லாத ஒன்றைக் கொண்டுபோய் ஒதுக்கினால் அதற்கும் கொஞ்சம் நம்பகம் ஒட்டிக்கொள்ளும். பொய் வம்சாவளி செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் கையாளும் உத்தி இது என்பது என் ஊகம். மறுபக்கம், கிராக்கெட் என்ற பெயர் ஸ்காட்லாந்தின் காலோவே வட்டாரத்தில் வெகு சகஜம், நாவலாசிரியர் எஸ். ஆர். கிராக்கெட் அங்கே பிறந்தவர்தான். காலோவேயிலிருந்து அல்ஸ்டர் ஒரு பகல் படகுப் பயணம். ஆனால் ஸ்காட்டியக் குடியானவனைவிட அரசனின் மெய்க்காவலன் தாத்தாவாக இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது?

குடும்பங்கள் செய்த இதே வேலையைச் சமூகங்களும் செய்தன. 1718-ல் பாஸ்டனுக்கு வந்து, நியூ ஹாம்ப்ஷயரில் லண்டன்டெர்ரி என்ற ஊரை உண்டாக்கிய அல்ஸ்டர்காரர்களின் போதகர் ஜேம்ஸ் மக்கிரெகர், 1720-லேயே ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் எங்களை ஐரிஷ்காரர்கள் என்று சொல்வது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பிரிட்டிஷ் அரசுக்காக அயர்லாந்தில் ரத்தம் சிந்தியவர்களாம் அவர்கள். ஆனால் அடுத்த நூறு ஆண்டுக்கு அவர்களின் பேரப்பிள்ளைகள் தங்களை ஐரிஷ் என்றே சொல்லிக்கொண்டார்கள். டேவி கிராக்கெட் சொன்னதும் அப்படித்தான். 1840-களின் பஞ்சத்தில் ஏழைக் கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கியதும்தான் பழைய குடும்பங்களுக்கு நாங்கள் வேறு என்று சொல்ல அவசரம் வந்தது. 1889-ல் டென்னசியின் கொலம்பியா ஊரில் ஸ்காட்ச்-ஐரிஷ் சங்கம் மாநாடு கூட்டியது. பதிலுக்கு 1897-ல் பாஸ்டனில் அமெரிக்க ஐரிஷ் வரலாற்றுச் சங்கம் பிறந்தது. அதன் ஆய்வாளர் மைக்கேல் ஓ'பிரையன், சுதந்திரப் போர்ப் படைப் பட்டியல்களில் குடும்பப் பெயர்களைச் சல்லடை போட்டு, வாஷிங்டன் படையில் 38 சதவீதம் ஐரிஷ் என்று 1919-ல் அறிவித்தார். ஸ்மித் என்ற பெயர்கொண்ட படைவீரனின் தாத்தா மக்கோவனாக இருந்திருக்கலாம், இங்கிலீஷ்காரனாகவும் இருந்திருக்கலாம். அவரவர் விருப்பப்படி எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இது வெறும் சங்கச் சண்டையாக முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 1924-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், நாட்டு மக்களின் பூர்வீகத்தைக் கணக்கிட்டு அந்த விகிதத்தில் ஒவ்வொரு தேசத்துக்கும் விசா ஒதுக்கச் சொன்னது. 1790-ன் முதல் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு, பிறந்த இடம் கிடையாது. அந்தக் கேள்வியே 1850-ல்தான் வருகிறது. ஆகவே 1790-ன் குடும்பப் பெயர்களை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. 1909-ல் கணக்கெடுப்பு அலுவலகம் போட்ட ஊகத்தில் வெள்ளையர்களில் இங்கிலீஷ் வழியினர் 80 சதவீதத்துக்கு மேல், ஐரிஷ் இரண்டுக்கும் கீழ். ஐரிஷ் அமைப்புகள் கொதித்தெழுந்தன. அறிஞர் குழு ஒன்று மறுபடி அமர்ந்து அளந்து 1932-ல் வெளியிட்ட அறிக்கையில் இங்கிலீஷ் 60-க்கு இறங்கியது. அல்ஸ்டரும் மற்ற அயர்லாந்தும் சேர்ந்து ஏறத்தாழ 10. இடைப்பட்ட 1929-ல் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தபோது சுதந்திர அயர்லாந்தின் ஆண்டு விசா 28,567-லிருந்து 17,853 ஆகக் குறைந்தது. பிரிட்டனும் வட அயர்லாந்தும் சேர்ந்து 34,007-லிருந்து 65,721 ஆக ஏறின. 1740-ல் எழுதாமல் விட்ட பட்டியலுக்கு, வேலை தேடிக் கார்க் துறைமுகத்தில் நின்ற 1930-ன் இளைஞன் விலை கொடுத்தான்.

இப்போது டிஎன்ஏ வந்துவிட்டதே, இனி என்ன குழப்பம் என்பார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்த்து, ஒரே குடும்பப் பெயர்கொண்ட இருவர் பங்காளிகளா இல்லையா என்று இன்று சொல்லிவிடலாம். கட்டுக்கதைகளை வெட்டிப் போட அது நல்ல அரிவாள். ஆனால் ஊர் பெயரைச் சொல்லாது. 2006-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அயர்லாந்தின் வடமேற்கில் ஐந்து ஆண்களில் ஒருவரிடம் ஒரே மரபுக்குறி இருப்பதைக் கண்டு, ஐந்தாம் நூற்றாண்டு அரசன் நியாலின் வழித்தோன்றல்களாக இருக்கலாம் என்றார்கள். உடனே அமெரிக்காவில் பலர் அரச வாரிசாகிவிட்டார்கள். அந்தக் குறி நியாலைவிடப் பழையது என்பதும், தெற்கு ஸ்காட்லாந்திலும் அது தாராளமாக இருக்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. கடலிடுக்கின் இரு கரையிலும் ஒரே ரத்தம் ஆயிரம் ஆண்டுகளாகப் போய்வந்திருக்கிறது. அதை எடுத்துப் பரிசோதனைக் குழாயில் போட்டு நீ ஸ்காட்டா ஐரிஷா என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

விஷயமறிந்தவர்கள் இன்று செய்வது வேறு. ஒற்றை ஆளை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தைத் தேடுகிறார்கள். அல்ஸ்டர்காரர்கள் தனியாக நகரவில்லை. சபையாக, சம்பந்திகளாக நகர்ந்தார்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், அடுத்த வயல்காரன், ஜாமீன் நின்றவன் யாருக்காவது அயர்லாந்தில் ஊர் பெயர் கிடைத்தால், நம் ஆளும் அதே ஊராக இருக்க நியாயம் உண்டு. 2022 ஜூனில், தீவிபத்தின் நூற்றாண்டில், எரிந்த காப்பகத்தின் நகல்களையும் சுருக்கங்களையும் உலகெங்கும் தேடித் திரட்டி டிரினிட்டி கல்லூரி தலைமையில் ஒரு மின்காப்பகம் திறக்கப்பட்டது. மூல ஏடுகள் இருந்தபோது தங்கள் வேலைக்காக யாராவது நகலெடுத்து வைத்த துண்டுகள் அதில் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

சபையாக நகர்ந்தவர்களில் மிகத் தெளிவாகத் தடம் விட்டுச் சென்றவர்கள் வில்லியம் மார்ட்டினின் கூட்டத்தார். ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கெல்ஸ்வாட்டர் போதகரான அவர், வார உயர்வுக்கு எதிராக நிலக்குடிகள் கொதித்துக்கொண்டிருந்த 1772-ல் ஐந்து கப்பல்களில் ஆட்களைத் திரட்டித் தென் கரோலினாவுக்கு அழைத்துப் போனார். நிலம் கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்கள் சார்ல்ஸ்டன் அவைக் குறிப்புகளில் இருக்கின்றன. அந்த ஐந்து கப்பல்களின் பயணமும், எட்டு ஆண்டு கழித்து மார்ட்டின் பிரிட்டிஷ் சிறைக்குப் போன கதையும் அடுத்த இதழில்.